ஜனநாயக நாட்டுத் தணிக்கை, கம்யூனிஸ்ட் நாட்டுத் தணிக்கை: வித்தியாசம் எதில்?

தங்கச்சிமடம் வாசகர் (கேள்வி)

வணக்கம். எங்க ஊர் நூலகத்துல ஞாயிறு சாயங்காலம் கலந்துரையாடல் வைக்கிறோம். தலைப்பு, "பேச்சுரிமை: ஜனநாயக நாட்டிலும் கம்யூனிஸ்ட் நாட்டிலும்". வர்றவங்கள்ல பாதிப்பேர் கடலுக்குப் போறவங்க, மீதி கல்லூரிப் பிள்ளைங்க. இப்பவே ரெண்டு கட்சி கட்டிட்டாங்க. "இங்க என்ன வேணாலும் பேசலாம், சீனாவுல வாயத் திறந்தா ஜெயில்"னு ஒரு பக்கம். "இங்கேயும் வெப்சைட்டை முடக்குறாங்க, கூட்டத்துக்கு அனுமதி மறுக்குறாங்க, நெட்டை நிறுத்துறாங்க, பேருதான் வேற"னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் வாட்ஸப்ல வந்ததை வச்சுத்தான் பேசுறாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது மூணு. சட்டப்படி வித்தியாசம் எங்க இருக்கு? இணையத்தை இங்க எப்படி முடக்குறாங்க, அங்க எப்படி. ஒரு தளம் திறக்கலைன்னா அது தடையா, டவர் கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசியா, மாவட்டத்துல ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறு பத்தி கரையோரத்துல ஒரு விளக்கக் கூட்டம் போட நினைக்கிறோம். அனுமதி மறுத்தா என்ன செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க ஆதாரத்தோட சொல்லுங்க.

வழக்குமேசை, ராமநாதபுரம்

தம்பி, அரசியல் சாசன வாசகத்தை எடுத்து வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். அப்படி ஒப்பிட்டால் கம்யூனிஸ்ட் நாடுகள்தான் ஜெயிக்கும். சீனாவின் 1982 சாசனம் 35-வது பிரிவில் பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் ஆறுக்கும் சுதந்திரம் தருகிறது. வியட்நாமின் 2013 சாசனம் 25-வது பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. பேச்சுரிமை தரும் நம் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு ஒற்றை வரி. 'பத்திரிகை' என்ற சொல்கூட அதில் கிடையாது. நீதிமன்றம்தான் அதைச் சேர்த்துப் படித்தது. கூடவே 19(2)-ல் இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று எட்டுக் காரணங்களுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.

அரசு எல்லை மீறினால், "இது செல்லாது" என்று அரசிடமே சொல்ல ஒருவர் உண்டா? ஒப்பிட வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு நம் மாகாணத்து வழக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச் 1-ல், பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-ல் தடை ரத்தானது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜனநாயக அரசு ஒரு கம்யூனிஸ்ட் பத்திரிகையின் வாயை அடைக்கப் பார்த்தது. அதே நாட்டின் நீதிமன்றம் அதைத் தடுத்தது. உங்கள் இரண்டு கட்சிக்காரர்களும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே மத்திய அரசு முதல் சாசனத் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை 19(2)-ல் நுழைத்தது. தனித் திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்து 1963-ல் 16-வது திருத்தம் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பதைச் சேர்த்தது. இந்த வேலி இரண்டு முறை உயர்ந்ததற்கும் தமிழ்நாட்டு விவகாரங்களே பெரிய காரணம்.

சீனாவில் இதே வழக்கைப் போட முடியாது. அங்கே சாசனத்துக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இல்லை, தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் இருக்கிறது. 2001-ல் உச்ச மக்கள் நீதிமன்றம் ஒரு மாணவியின் கல்வி வழக்கில் சாசனத்தை நேரடியாகக் காட்டித் தீர்ப்புக்கு வழி சொன்னது. 2008-ல் அந்த விளக்கத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் 35-வது பிரிவு எழுத்தில் இருந்தாலும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கோர்ட் படி இல்லை. சீன எழுத்தாளர் லியு சியாபோ ஒரு கட்சி ஆட்சியை முடிக்கக் கோரும் சாசன அறிக்கையை எழுதுவதில் பங்கெடுத்ததற்காக 2009 டிசம்பரில் 11 ஆண்டுத் தண்டனை பெற்றார். மறு ஆண்டு நோபல் பரிசு கிடைத்தபோது சிறையில் இருந்தார். 2017 ஜூலையில் காவலில் இருந்தபடியே இறந்தார்.

நம் பக்கத்து ஓட்டைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த அவசரநிலையில் செய்தித்தாள்கள் அச்சுக்கு முன்பே தணிக்கை அதிகாரியிடம் போயின. உயர் நீதிமன்றங்கள் சில எதிர்த்து நின்றன, உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. அதன்பிறகு 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. போர் அல்லது வெளிநாட்டுத் தாக்குதலுக்காக அறிவித்த அவசரநிலையில் மட்டுமே 19-வது பிரிவு தானாகச் செயலிழக்கும் என்று அது ஆக்கியது. உள்நாட்டுக் கலகத்தைக் காரணம் காட்டினால் இனி அது தானாகச் செயலிழக்காது.

இன்றைய பெரிய ஓட்டை, இணையதளங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69அ. 2009 விதிகளின்படி எழுதியவருக்கோ தளத்துக்கோ பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தந்து, குழு முன் கேட்டுத்தான் தடை செய்ய வேண்டும். ஆனால் 9-வது விதி 'அவசரம்' என்றால் முதலில் தடை, பிறகு விசாரணை என்கிறது. 16-வது விதி எல்லாம் ரகசியம் என்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் தளம் பிரதமர் பற்றிய கார்ட்டூனுக்காக முடங்கியபோது வாசகர்கள் பார்த்தது இதைத்தான்: தளம் முடங்கிய பிறகுதான் நோட்டீஸ் வந்தது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடும்படி உத்தரவிட்டது. நிவாரணம் கிடைத்தது உண்மை. ஒரே ஒரு படத்துக்காக முழுத் தளமும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததும் உண்மை. "இங்கே எல்லாம் சரி" என்று பேச வருபவர் இந்த இரண்டாவது உண்மைக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எதிர்க்கரையையும் பாருங்கள். இலங்கையின் பெயரே ஜனநாயக சோசலிசக் குடியரசு. தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது. ஆனால் அதன் சாசனம் 80(3) பிரிவு, சபாநாயகர் சான்றளித்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. மசோதாவாக இருக்கும்போது மட்டும்தான் வழக்குப் போடலாம். 2024 பிப்ரவரியில் வந்த, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை, இணையப் பதிவுக்காகத் தண்டிக்க வழிவைத்த நம் 66அ-வை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்துசெய்தது போல அங்கே பிற்பாடு ரத்துசெய்ய வழியில்லை. நாடாளுமன்றமே மாற்ற வேண்டும். ஜனநாயக நாடுகளுக்குள்ளேயே இவ்வளவு தூரம் இருக்கிறது.

கேபிள்காரர், கீழக்கரை

சட்டத்தை அண்ணன் சொல்லிட்டாரு, நான் கம்பி பக்கம் சொல்றேன்.

இந்தியாவுல தளத்தை முடக்குற வேலையைச் செய்யுறது சேவை நிறுவனங்கள்தான். உத்தரவு ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி செய்யும். சில பேர் டிஎன்எஸ்ல, அதாவது தளத்தோட பேரை எண் முகவரியா மாத்திச் சொல்ற ஏற்பாட்டுல, தப்பான முகவரி கொடுத்துடுவாங்க. சில பேர் எஸ்என்ஐ பார்ப்பாங்க; அதாவது உங்க போன் பூட்டுப் போட்ட இணைப்பைத் தொடங்கும்போது தளத்தோட பேரை மட்டும் திறந்தபடி அனுப்பும், அதைப் படிச்சு இணைப்பை அறுப்பாங்க. அதனாலதான் ஒரு சிம்ல திறக்காத தளம் இன்னொரு சிம்ல திறக்குது.

கண்டுபிடிக்கிற முறை இது. முதல்ல அதே தளத்தை ரெண்டு வேற நிறுவன சிம்லயும் ஒரு வீட்டு பிராட்பேண்ட்லயும் திறந்து பாருங்க. மூணுலயும் வரலைன்னா தளமே விழுந்திருக்கலாம். வெளிநாட்டுல இருக்குற ஆள்கிட்ட திறக்கச் சொல்லிக் கேட்கணும். பிறகு பிழைச் செய்தியைப் படிங்க. "டிஎன்எஸ் ப்ரோப்"னு வந்தா, போன் செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில வேற டிஎன்எஸ் கொடுத்துப் பாருங்க. உடனே திறந்துச்சுன்னா நிறுவனத்தோட டிஎன்எஸ்லதான் கோளாறோ தடையோ இருக்கு. மத்த தளமெல்லாம் பழைய டிஎன்எஸ்ல ஒழுங்கா வந்து இது ஒண்ணு மட்டும் வரலைன்னா தடைன்னு எடுத்துக்கலாம். "கனெக்ஷன் ரீசெட்"னு கண் இமைக்கிற நேரத்துல வந்தா எஸ்என்ஐ பக்கம் சந்தேகப்படலாம். "டைம்டு அவுட்"னு ரொம்ப நேரம் சுத்திட்டு வந்தா பெரும்பாலும் டவர், கேபிள் கோளாறுதான். "இந்த நாட்டில் கிடைக்காது"னு எக்ஸ், யூடியூப் மாதிரி தளமே எழுதிக் காட்டுனா, உத்தரவு தளத்துக்குப் போயிருக்கு, நிறுவனத்துக்கு இல்ல. ஊனி ப்ரோப்னு ஒரு இலவசச் செயலி இந்தச் சோதனையைத் தானாவே செய்யும். முடிவுகள் பொதுவுல வெளியாகும், அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. எதைச் செஞ்சாலும் தேதி, நேரம், நிறுவனம், முகவரி நாலும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அது இல்லாம கோர்ட்ல எதையும் காட்ட முடியாது.

சீனாவுல இந்தச் சோதனை உதவாது. வெளிநாட்டுப் போக்குவரத்து அரசு நிறுவனங்கள் நடத்துற ஒருசில வாசல் வழியாத்தான் போகும். அங்க உட்கார்ந்திருக்குற கருவி, நீங்க வெளிநாட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்டாலும் நடுவழியில பொய்ப் பதிலைச் செருகிடும். பேரைப் படிச்சு ரெண்டு முனைக்கும் இணைப்பை அறுக்கச் சொல்லிப் போலிச் செய்தி அனுப்பும். விபிஎன் (தடையைச் சுத்திப் போற மறைவழி) சர்வர்னு சந்தேகப்பட்டா தானே போய்த் தட்டிப் பார்த்து உறுதி செஞ்சு அதோட எண் முகவரியை மூடும். பேஸ்புக்கும் ட்விட்டரும் 2009-லயே போச்சு. விக்கிப்பீடியா எல்லா மொழியிலயும் 2019 ஏப்ரல்ல மூடுனாங்க.

வாசல்ல நிக்குற இந்தத் தடுப்புச் சுவரை விட உள்ள இருக்குற ஏற்பாடுதான் கடுமை. உண்மைப் பேரும் போன் நம்பரும் இல்லாம கணக்கு கிடையாது. பதிவுக்குப் பொறுப்பு தளத்துக்கும் உண்டு, அதனால தளமே ஆள் வச்சு அழிக்கும். 2013-ல வந்த நீதித்துறை விளக்கப்படி, அவதூறுன்னு கருதப்படுற பொய்ப் பதிவை 500 பேர் பகிர்ந்தாலோ 5,000 பேர் பார்த்தாலோ கிரிமினல் வழக்கு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். எழுதுறவன் எண்ணிப் பார்த்துத் தானே நிறுத்திக்குவான்.

வியட்நாம்ல அந்த மாதிரிப் பெருஞ்சுவர் இல்ல. பேஸ்புக் ஓடுது. 2019-ல அமலுக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், அரசு கேட்டா 24 மணி நேரத்துல பதிவை அழிக்கணும்னு சொல்லுச்சு. அழிக்காட்டி வேகத்தைக் குறைப்பாங்க. 2020 தொடக்கத்துல பேஸ்புக்கோட உள்நாட்டு சர்வர்கள் வாரக்கணக்குல முடங்குனது ராய்ட்டர்ஸ் செய்தியில வந்துச்சு.

மொத்தமா நெட்டை நிறுத்துற விஷயத்துல நம்ம நாடு பெருமைப்பட எதுவும் இல்ல. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் நிறுத்துனாங்க. கலவரமே இல்லாத மாவட்டத்துக்காரனும் பேங்க் வேலை பார்க்க முடியாம நின்னான். காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல போன 4ஜி திரும்பினது 2021 பிப்ரவரியில. நடுவுல 2020 ஜனவரி 10-ல அனுராதா பாசின் வழக்குல உச்ச நீதிமன்றம், நிறுத்துற உத்தரவை வெளியிடணும், காரணம் எழுதணும், முடிவே இல்லாம நீட்டக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இப்ப இருக்குற 2024 விதியும் 15 நாள் வரம்பு வைக்குது. மாவட்டத்துல நெட் நின்னா முதல் வேலையா அந்த உத்தரவு நகலைக் கேளுங்க. உள்துறைச் செயலாளர் மட்டத்துல வர வேண்டிய உத்தரவு அது, உள்ளூர் அதிகாரி வாயால சொல்றது செல்லாது.

ஒரு சின்ன விஷயம், தனுஷ்கோடிப் பக்கம் போறவங்களுக்கு. போன் இலங்கை டவரைப் பிடிச்சா இலங்கைத் தடை நமக்கும் வரும்னு நினைக்கிறாங்க. ரோமிங்ல டேட்டா பொதுவா சொந்த நாட்டு நிறுவனத்துக்கே திரும்பி வந்துதான் வெளிய போகும். இந்திய சிம்னா இந்தியத் தடைதான். சீனாவுக்குப் போற நம்ம ஆள் ரோமிங்ல வாட்ஸப் பார்க்க முடியுறதும் இதனாலதான். பில்லு மட்டும் தாங்காது. நெட்வொர்க்கை மேனுவல்ல போட்டுக்கங்க.

தொண்டி அச்சகத்தார்

பேச்சுக்கு ஒரு காட்சிப்பொருள் தருகிறேன். ஒரு தாளின் அடிவரியைப் பாருங்கள்.

இங்கே தேர்தல் நோட்டீஸ் அடித்தால் அடியில் அச்சகத்தார் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127அ. வெளியிடுபவர் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி இரண்டு பிரதி தர வேண்டும்; அச்சடித்த பிறகு ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், பிரதி போவது அச்சடித்த பிறகு. தப்பாக எழுதினால் வழக்கு வரும், ஆனால் "அடிக்கலாமா" என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சோவியத் ஒன்றியத்தில் 1922-ல் 'கிளாவ்லிட்' என்ற தணிக்கைத் துறையை அமைத்தார்கள். பஸ் டிக்கெட் மாதிரிச் சின்னத் துண்டு தவிர ஏறக்குறைய எல்லா அச்சுக்கும் அதன் அனுமதி வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதுதான் தணிக்கையாளரின் அனுமதி எண். அது இல்லாமல் அச்சகம் இயந்திரத்தை ஓட்டாது. எதை எழுதக் கூடாது என்ற பட்டியலே ரகசிய ஆவணம். ருமேனியாவில் 1983-ல் தட்டச்சு இயந்திரங்களைக்கூடப் போலீசில் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டும். சோவியத்தில் முன்தணிக்கை சட்டப்படி ஒழிந்தது 1990 பத்திரிகைச் சட்டத்தில்தான்.

இடதுசாரி நண்பர்கள் ஒரு வாதம் வைப்பார்கள், அதை மதிப்போடு கேட்க வேண்டும். "அச்சு இயந்திரமும் காகிதமும் முதலாளியிடம் இருக்கும்போது பத்திரிகைச் சுதந்திரம் யாருடையது?" லெனின் காலத்து வாதம். 1936 சோவியத் சாசனத்தின் 125-வது பிரிவு இதற்காகவே அச்சகங்களையும் காகிதத்தையும் பொதுக் கட்டிடங்களையும் உழைக்கும் மக்களுக்கு ஒதுக்குவதாக எழுதியது. கேள்வி நியாயமானது. அரசு விளம்பரம் நின்றால் சிறு பத்திரிகை நாலு மாதத்தில் மூடும் நிலை இன்றும் இங்கே இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்துவதற்கு எந்தத் தடை உத்தரவும் தேவையில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? அச்சகங்கள் கட்சியின் கைக்குப் போயின. கட்சிக்குப் பிடிக்காத தொழிலாளிக்கு ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. 1966-ல் எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கியும் தானியேலும் வெளிநாட்டில் கதை வெளியிட்டதற்காக முறையே 7, 5 ஆண்டு உழைப்பு முகாம் போனார்கள்.

முன்தணிக்கை பற்றி நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளிவரும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் இல்லை, அவதூறு என்று நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றது. சினிமாவுக்கு மட்டும் இந்த வாசல் அடைத்தே கிடக்கிறது. 1952 சட்டப்படி முன்தணிக்கை உண்டு, 1970-ல் அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைச் சரி என்றது. இதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

குந்துகால் கடலாள்

கடலுக்குப் போறவங்க கூட்டம்னு சொல்லியிருக்கீங்க. அவங்களுக்கு சீனாவை விட வியட்நாமைச் சொல்லுங்க, சட்டுனு புரியும்.

2016 ஏப்ரல். வியட்நாமோட நடுக்கரையில ஹா தின்ல தொடங்கி நாலு மாகாணத்துல, 200 கிலோமீட்டருக்கு மேல மீன் செத்து ஒதுங்குச்சு. ஃபோர்மோசா இரும்பு ஆலைக் கழிவு. ஃபீனால், சயனைடு. அரசு காரணத்தை வெளிப்படையாச் சொன்னது ஜூன் 30-ல. கிட்டத்தட்ட மூணு மாசம் கழிச்சு. கம்பெனி 50 கோடி டாலர் இழப்பீடு ஒத்துக்கிச்சு. ஆனா அதைப் பங்கு போடுறது பத்தி மீனவங்க வாய் திறக்க முடியல. நூத்துக்கணக்கான பேர் கோர்ட்ல மனு கொண்டுபோனாங்க, கோர்ட் மனுவையே திருப்பிக் கொடுத்துடுச்சு. வழக்குப் போட நடந்து போன மீனவங்களை நேரலையில காட்டுன ஹுவாங் டுக் பின்னுக்கு 2018 பிப்ரவரியில 14 வருஷம். போராட்டத்தைப் படம் எடுத்த இளைஞர் நுயென் வான் ஹோவாவுக்கு 7 வருஷம். "காளான் அம்மா"ங்கற பேருல எழுதுன பெண்ணுக்கு 2017 ஜூன்ல 10 வருஷம். அந்த நாட்டுல தனியார் பத்திரிகைன்னு ஒண்ணு சட்டப்படி கிடையாது. மீன் எதனால செத்துச்சுன்னு தேடிப்போக வேற ஆளே இல்ல.

நம்ம பக்கம் 2019 செப்டம்பர்ல மண்டபம், பாம்பன் ஓரம் கடல் பச்சையாகி மீன் ஒதுங்குனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மண்டபத்துல இருக்குற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க தண்ணி எடுத்துப் பார்த்து, நாக்டிலூக்காங்கற பாசிப் பெருக்கத்தால ஆக்சிஜன் குறைஞ்சு செத்திருக்குன்னு சில நாள்லயே சொன்னாங்க. பத்திரிகை எழுதுச்சு, சந்தேகப்பட்டவன் சந்தேகத்தையும் எழுதுனான். அது இயற்கை, அங்க நடந்தது ஆலைக் கழிவு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா காரணத்தைக் கேட்குறவனும் சொல்றவனும் ஜெயிலுக்குப் போகாம இருந்தாத்தான் அடுத்த தடவை பிடிச்ச மீனைச் சாப்பிடலாமா, வேண்டாமான்னு கரைக்குத் தெரியும். பேச்சுரிமைங்கறது நம்ம தொழிலுக்கு வலை மாதிரி அவசியம்னு நான் நம்புறேன்.

தூத்துக்குடியைக் காட்டி எதிர்க்கேள்வி வரும், வரணும். 13 பேரைச் சுட்டது ஜனநாயக அரசுதான். அதே அரசு அமைப்பு போட்ட அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் மேலயும் மாவட்ட நிர்வாகம் மேலயும் குற்றம் சொல்லி எழுதுன அறிக்கை 2022 அக்டோபர்ல சட்டசபையில வச்சாங்க. இன்னிக்கு யார் வேணாலும் படிக்கலாம். அதுக்கு மேல நடவடிக்கை எடுக்குறதுல இருக்குற சுணக்கத்தைக் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

தங்கச்சிமடம் வாசகர்

ரொம்ப நன்றிண்ணே, காக்கா, ஐயா. ஒரு பையன் கேட்குறான்: கேரளாவுல கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்துச்சே, அது எந்தக் கணக்கு? அப்புறம் கூட்ட அனுமதி பத்தி யாரும் சொல்லலையே.

வழக்குமேசை, ராமநாதபுரம்

நல்ல கேள்வி. கம்யூனிஸ்ட் கட்சி ஆள்வது வேறு, ஒரே கட்சி என்று சாசனத்திலேயே எழுதி ஆள்வது வேறு. கேரளத்தில் 1957 முதல் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் ஜெயித்து ஆண்டிருக்கிறார்கள், தோற்று இறங்கியும் இருக்கிறார்கள். 2020 நவம்பரில் இடது முன்னணி அரசு போலீஸ் சட்டத்தில் 118அ என்று அவதூறுப் பதிவுக்கு மூன்றாண்டுத் தண்டனை வைக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நாலாபக்கமும் எதிர்ப்பு, சில நாளிலேயே வாபஸ். நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4-ல் கம்யூனிஸ்ட் பிரதமர் ஒலியின் அரசு பதிவு செய்யாத 26 சமூக ஊடகங்களை முடக்கியது. 8-ம் தேதி போராட்டத்தில் 19 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தடை நீங்கியது, மறுநாள் பிரதமர் பதவி விலகினார். மறுபுறம், அமெரிக்கா 1940 ஸ்மித் சட்டத்தின்கீழ் தன் கம்யூனிஸ்ட் தலைவர்களை வெறும் கொள்கைப் பிரசாரத்துக்காகச் சிறையில் போட்டது, 1951-ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது, 1957-ல்தான் பின்வாங்கியது. கொடியின் நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

செயலாளர், மோர்ப்பண்ணை

கூட்டத்துக்கு வர்றேன்.

முதல்ல இடம் யாருதுன்னு தீர்மானிங்க. மீன் இறங்குதளம்னா மீன்வளத்துறை, புறம்போக்குன்னா வருவாய்த்துறை, கோயில் மைதானம்னா அவங்க சம்மதக் கடிதம். தனியார் பட்டா இடமோ மண்டபமோ கிடைச்சா அதுவே மேல். தனியார் அரங்குக்குள்ள நடக்குற கூட்டத்தைப் போலீஸ் தடுக்குற அதிகாரம் ரொம்பக் குறைவு, மைக் அனுமதி மட்டும் தனி.

மனுவுல தேதி, தொடங்குற நேரம், முடியுற நேரம், இடம், எத்தனை பேர், மைக் எத்தனை, பேசுறவங்க யார், பொறுப்பாளர் ரெண்டு பேர் போன் நம்பர் எல்லாம் இருக்கணும். ஒரு வாரத்துக்குக் குறையாம முன்கூட்டி ஸ்டேஷன்லயும் டிஎஸ்பி ஆபீஸ்லயும் கொடுங்க. கொடுத்த நகல்ல முத்திரையும் தேதியும் வாங்காம திரும்பாதீங்க. வாங்க மறுத்தா அன்னிக்கே ஒப்புதல் அட்டையோட தபால்ல அனுப்புங்க. பெரும்பாலான கூட்டம் கவுறது இந்த இடத்துலதான்: மனு கொடுத்ததுக்கு ரசீது இருக்காது, மறுப்பு வாய்மொழியா முந்தின நாள் ராத்திரி வரும், வக்கீலுக்குக் காட்ட ஒரு தாளும் இருக்காது.

மறுத்தா எழுத்துல காரணத்தோட கேளுங்க. காவல் சட்டம் 30(2)-ன்னு எழுதுவாங்க. அது கூட்டத்தை முறைப்படுத்துற பிரிவு, ஒரேயடியா தடுக்குற பிரிவு இல்ல. மறுப்பு கையில இருந்தா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில சாசனம் 226-வது பிரிவுல ரிட் மனு போடலாம்; கூட்டத் தேதிக்கு நாலு நாளாவது மிச்சம் இருக்கணும், இல்லாட்டி வழக்கு வர்றதுக்குள்ள தேதி போயிடும். மனுவுல மாற்றுத் தேதியும் ஒண்ணு எழுதி வைங்க, கோர்ட்ல அது ரொம்ப உதவும்.

தேதியை செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஒட்டி வைக்காதீங்க. இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் தேவர் ஜெயந்திக்கும் நம்ம மாவட்டத்துல பழைய 144, இப்போதைய பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163 தடை உத்தரவு போடுறது வழக்கம். கலெக்டர் போடுற அந்த உத்தரவு ரெண்டு மாசம் வரைக்கும் நிக்கும். மாநில அரசு நினைச்சா இன்னும் ஆறு மாசம் நீட்டலாம். உத்தரவு நகலை வாங்கிப் படிங்க. எந்த ஊர், எந்தத் தேதி, என்ன தடைன்னு அதுல இருக்கும்; உங்க ஊரே அதுல வராம இருக்கலாம்.

கிணறு சம்பந்தமான ஆவணம் வேணும்னா இப்பவே தகவல் உரிமை மனு போடுங்க. மாநில அரசு அலுவலகம்னா 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள்ல பதில். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். மைக் ராத்திரி 10 மணிக்கு நிக்கணும்.

கடைசியா, கூட்டத்துல கடல் வரைபடம் பெருசா அடிச்சு மாட்டுவீங்க. இணையத்துல கிடைச்ச படத்தை அப்படியே அடிக்காதீங்க. இந்திய எல்லையை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு மாறாக் காட்டி வெளியிட்டா 1961 குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஆறு மாசம் வரை தண்டனை உண்டு. நம்ம கடல்ல கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கோடு போடுற இடம் அது. சர்வே ஆஃப் இந்தியா படத்தையே எடுத்து, அதுல கிணறு இருக்குற இடத்தை மட்டும் புள்ளி வச்சுக் காட்டுங்க.